வெள்ளுடையின் விலைச்சீட்டு

கிரிக்கெட் சந்தைச் சரக்காகிவிட்டது என்னும் ஒப்பாரி நமது சூழலில் ஓய்ந்தபாடில்லை. 2008 பிப்ரவரியில் மும்பையில் ஐ.பி.எல். போட்டிக்காக ஆட்டக்காரர்கள் ஏலம் விடப்பட்ட நாளிலிருந்து, கோடை பிறந்தால் மாம்பழம் வருவதுபோல இந்த ஒப்பாரியும் வந்துவிடுகிறது. எழுதுகிறவர்கள் மாறுகிறார்கள்; வாய்பாடு மாறுவதில்லை. முன்னொரு காலத்தில் பசும்புல் தரையில் வெள்ளுடை உடுத்திய கனவான்கள் காசைப் பற்றிய நினைவே இல்லாமல் ஆடினார்களாம். பிறகு வணிகன் வந்தானாம், வண்ண உடை வந்ததாம், ஆட்டம் சீரழிந்ததாம். அந்தப் பொற்காலம் எப்போது, எங்கே நிலவியது என்று கேட்டால் விரல் நீளும் திசை ஒன்றுதான்: விக்டோரியா அரசி ஆண்ட இங்கிலாந்து, அதாவது 1837 முதல் 1901 வரையிலான ஆண்டுகள்.

இந்தக் கதையை மறுப்பதற்கு ஐ.பி.எல்லின் வக்காலத்தை நாம் கையில் எடுக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் மட்டை எந்தக் கடையில் வாங்கப்பட்டது, உடைக்கு யார் காசு கொடுத்தார்கள், அதை யார் துவைத்தார்கள் என்று கேட்டாலே போதுமானது. கிரிக்கெட்டைப் பற்றி இலக்கிய நயம் சொட்டச் சொட்ட எழுதுகிறவர்கள் இந்தக் கேள்விகளின் பக்கம் போவதில்லை. ஓட்டங்களின் கணக்கு அவர்களிடம் துல்லியமாக இருக்கிறது, கடைக்கணக்கு இல்லை. கடைக்கணக்கை விட்டுவிட்டு எழுதப்படும் வரலாற்றில், கூலி கேட்ட ஆட்டக்காரனே ஆட்டத்தைக் கெடுத்தவனாகக் காட்சி தருவான். நமது வழக்கு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

முதலில் அவர்களுடைய வேதநூலையே எடுத்துக்கொள்வோம். கிரிக்கெட்டின் விவிலியம் என்று போற்றப்படும் 'விஸ்டன்' ஆண்டுநூலுக்குப் பெயர் தந்த ஜான் விஸ்டன் சசெக்ஸ் அணியின் பந்துவீச்சாளர். 1850இல் லார்ட்ஸ் மைதானத்தில் ஓர் இன்னிங்ஸின் 10 விக்கெட்டுகளையும், அனைத்தையும் ஸ்டம்பைத் தகர்த்தே எடுத்தவர். 1855இல் அவரும் ஃபிரெட் லில்லிவைட்டும் கூட்டுச் சேர்ந்து லண்டன் நியூ கவென்ட்ரி தெருவில் ஒரு கடை திறந்தார்கள். விற்ற சரக்கு இரண்டு: கிரிக்கெட் சாமான், சுருட்டு. 1858இல் கூட்டு முறிந்தது. 1863இல் விஸ்டன் ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்றார். மறு ஆண்டே தமது முதல் ஆண்டுநூலை வெளியிட்டார். 112 பக்கம், விலை ஒரு ஷில்லிங். கிரிக்கெட் செய்திகள் மட்டும் பக்கங்களை நிரப்பப் போதவில்லை போலும். சிலுவைப் போர்களின் தேதிகள், கால்வாய்களின் நீளம், டெர்பி குதிரைப் பந்தயத்தில் வென்ற குதிரைகளின் பட்டியல் எல்லாம் அதில் இடம்பெற்றன. நம் ஊர் ஜவுளிக்கடைக்காரர் புத்தாண்டுக்குத் தரும் தினசரி நாட்காட்டியில் ராகுகாலமும் கௌரி பஞ்சாங்கமும் இருப்பதைப் போன்ற ஏற்பாடு இது. ஒரே வேறுபாடு, விஸ்டன் அதற்கும் காசு வாங்கினார் என்பதுதான். 1872இல் கடை கிரான்போர்ன் தெருவுக்கு மாறியது. 1884இல் கடைக்காரர் மறைந்தார். ஆண்டுநூல் இன்றும் வருகிறது. வேதநூலின் கர்ப்பகிருகம் ஒரு கடைக்கல்லா என்பதைப் பக்தர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கூட்டாளியான ஃபிரெட் லில்லிவைட்டும் சளைத்தவரில்லை. அவருடைய தந்தை வில்லியம் லில்லிவைட், உயரத் தொப்பி அணிந்தபடியே பந்து வீசிய புகழ்பெற்ற ஆட்டக்காரர். மகன் ஆட்டத்தை அச்சுத் தொழிலாக மாற்றினார். 1859இல் ஜார்ஜ் பார் தலைமையில் ஆங்கிலேய அணி முதன்முறையாகக் கடல் கடந்து வட அமெரிக்கா சென்றபோது, லில்லிவைட் தமது அச்சுப்பொறியையும் கூடாரத்தையும் கூடவே சுமந்து போனார். மைதானத்திலேயே ஆட்ட அட்டையை அச்சிட்டு விற்பதே நோக்கம். அந்த மூட்டை முடிச்சுகளால் அணித்தலைவர் எரிச்சலடைந்த கதையும் பதிவாகியிருக்கிறது. ஆங்கிலக் கிரிக்கெட்டின் முதல் வெளிநாட்டுப் பயணத்திலேயே வணிகம் பயணச்சீட்டு வாங்கிக்கொண்டு கப்பலேறிவிட்டது. இதே குடும்பத்தின் பெயரில் 1863இல் லண்டன் ஹேமார்க்கெட்டில் தொடங்கப்பட்ட கடைதான் பின்னாளில் பிக்காடிலி சந்தியின் பெரிய விளையாட்டுக் கடையாக வளர்ந்தது.

கடைகள் காரணமில்லாமல் முளைக்கவில்லை. சட்டம் மாறியது, சட்டத்தின் பின்னாலேயே சரக்கு வந்தது. தோள் உயரம்வரை கையை உயர்த்திப் பந்து வீசலாம் என்று 1835இல் எம்.சி.சி. விதியை மாற்றியது, தோளுக்கு மேலே உயர்த்தி வீசும் முறை 1864இல் ஏற்கப்பட்டது. பந்து வேகமும் எழுச்சியும் பெற்றதும் வெறுங்காலும் வெறுங்கையும் தாங்கவில்லை. நாட்டிங்காமைச் சேர்ந்த ஆட்டக்காரர் தாமஸ் நிக்சன் 1841இல் தக்கையால் கால்காப்பு செய்தார். 1853இல் பிரம்புக் கைப்பிடி வைத்த மட்டையைக் கொண்டுவந்தார். ஒரே மரத்தில் செதுக்கிய பழைய மட்டை பந்து படும்போது கையை உதறவைத்தது. பிரம்பு அந்த அதிர்வைத் தாங்கிக்கொண்டது. மட்டைவீச்சைக் குறித்து 1845இல் நூல் எழுதிய பள்ளி ஆசிரியர் நிக்கோலஸ் ஃபெலிக்ஸ், ரப்பர் குழாய் பதித்த கையுறையை வடிவமைத்தார். கென்ட் பகுதியின் பென்ஷர்ஸ்ட் கிராமத்தில் டியூக் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகப் பந்து செய்து விற்றார்கள்.

இந்தச் சரக்குகளைப் பிரித்துப் பார்த்தால் நமக்கு வேறொரு வரைபடம் தெரிகிறது. பிரம்பு தென்கிழக்காசியக் காடுகளில் வெட்டப்பட்டது. ரப்பர் தென் அமெரிக்காவில் வடிக்கப்பட்டது. தக்கை ஸ்பெயின், போர்ச்சுகல் நாட்டு மரங்களின் பட்டை. வில்லோ மரம் மட்டுமே அசல் ஆங்கிலேயன். கிராமத்துப் புல்வெளியில் மாதாகோயில் மணியோசையின் பின்னணியில் ஆடப்பட்ட தூய ஆங்கில ஆட்டம் என்று நம்மை உருகவைக்கும் சித்திரத்தில், மட்டைவீச்சாளன் கையில் பிடித்திருப்பது மலேயப் பக்கத்துக் கொடி. பேரரசு இல்லாமல் அந்தப் பையில் சாமான் நிரம்பியிருக்காது. இதைச் சொல்லாமல் புல்லின் பச்சையை மட்டும் வருணிப்பது அழகியல் ஆகாது. பாதி ரசீதைக் கிழித்து மறைக்கும் வேலைதான்.

இனி உடைக்கு வருவோம். 1970களின் இறுதியில் கெர்ரி பாக்கர் தமது ஆட்டக்காரர்களுக்கு வண்ண உடை மாட்டியபோது, பைஜாமா கிரிக்கெட் என்று கனவான்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அவர்கள் தங்கள் கொள்ளுத்தாத்தாக்களின் ஓவியங்களைச் சற்றே பார்த்திருக்கலாம். 1846இல் நாட்டிங்காமின் வில்லியம் கிளார்க் திரட்டிய 'ஆல் இங்கிலாந்து லெவன்' என்னும் தொழில்முறை அணி ரயிலேறி ஊர் ஊராகச் சென்று, 22 பேர் கொண்ட உள்ளூர் அணிகளோடு ஆடிக் காசு ஈட்டியது. அந்த அணியின் சட்டை வெள்ளைத் துணியில் இளஞ்சிவப்புப் புள்ளி போட்டது. கோடு, கட்டம், புள்ளி என்று பல நிறச் சட்டைகளுடன் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அணிகள் ஆடின. எல்லாரும் வெள்ளை என்பது அந்த நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான் நிலைபெற்றது. ஆதியிலிருந்தே வந்த மரபு என்று நாம் வணங்கும் வெள்ளுடை, புள்ளிச் சட்டையைவிட வயதில் இளையது.

வெள்ளை எளிமையின் நிறம் என்பதும் நம்பத்தக்கதன்று. புல்லில் விழுந்து புரளும் ஆட்டத்துக்கு வெள்ளைக் கம்பளித் துணியைவிடச் செலவு பிடிக்கும் உடை வேறு ஏது? புல் கறையும் மண் கறையும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒருமுறை அதில் ஏறும். சுடுநீரில் போட்டால் கம்பளி சுருங்கும்; தேய்த்து அடித்தால் கெடும். சலவை இயந்திரம் இல்லாத உலகில் அந்த வெண்மை ஒரு பெண்ணின் முதுகுவலி. வேலைக்காரியோ, கூலிக்குத் துவைக்கும் சலவைக்காரியோ, ஆட்டக்காரனின் மனைவியோ, யாரோ ஒருத்தி சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன் அதை வெளுத்து உலர்த்தியாக வேண்டும். கசங்காத வெண்மை ஒருவனுடைய பண்பைக் காட்டுகிறது என்பார்கள். அவன் வீட்டில் யாருக்கு ஓய்வில்லை என்பதையும் அது காட்டுகிறது.

எல்லாரும் ஒரே வெள்ளை உடுத்தியதால் சமத்துவம் வந்துவிடவில்லை. 1845இல் தொடங்கிய 'ஐ ஸிங்காரி' என்னும் கனவான்களின் மன்றம் கறுப்பு, சிவப்பு, பொன் ஆகிய மூன்று நிறங்களைத் தன் அடையாளமாக்கிக்கொண்டது. மன்றக் கழுத்துப்பட்டி, கல்லூரித் தொப்பி, கோடு போட்ட மேலங்கி எனச் சாதிக்குறிகள் வெள்ளையின் மேல் ஏறி உட்கார்ந்தன. நமக்கு இது புரியாத சங்கதியன்று. வேட்டி எல்லாருக்கும் வேட்டிதான். கரையைப் பார்த்தல்லவா ஆளை எடைபோடுகிறோம்! அங்கே அமெச்சூர் என்றும் தொழில்முறையாளர் என்றும் இரண்டு வருணங்கள். உடைமாற்றும் அறை வேறு, மைதானத்துக்குள் நுழையும் வாயில் வேறு, ஆட்ட அட்டையில் பெயர் அச்சாகும் முறையே வேறு. 1962 நவம்பரில்தான் அந்தப் பிரிவினை ஒழிக்கப்பட்டது.

யார் காசு கொடுத்தார்கள் என்னும் கேள்வியில்தான் கதையின் பொய் அம்பலமாகிறது. தொழில்முறை ஆட்டக்காரர் தமக்குக் கிடைத்த ஆட்டக்கூலியிலிருந்தே ரயில் கட்டணமும் தங்கும் செலவும் கொடுத்து, மட்டையும் உடையும் வாங்கியாக வேண்டும். கடையில் விலைப்பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் அவரே. அமெச்சூர் கனவானுக்கோ கூலி தீண்டத்தகாதது. ஆனால் 'செலவுத்தொகை' தீண்டத்தக்கது. டபிள்யூ. ஜி. கிரேஸ் அமெச்சூர்களின் தலைமகன். 1873-74இல் ஆஸ்திரேலியப் பயணத்துக்கு அவர் பெற்றது 1500 பவுண்டு, அதற்கு மேல் செலவுகள் வேறு. அதே அணியில் ஆடிய தொழில்முறையாளர் ஒவ்வொருவருக்கும் கைச்செலவு சேர்த்து 170 பவுண்டு. அமெச்சூர்கள் கப்பலில் முதல் வகுப்பு, மற்றவர்கள் இரண்டாம் வகுப்பு. எட்டு மடங்குக்கு மேல் வாங்கியவர் காசுக்கு ஆடாதவர்; மிச்சத்தை வாங்கியவர்கள் கூலியாட்கள். இந்த வினோதக் கணிதத்துக்குப் பெயர்தான் கனவான்களின் ஆட்டம்.

தொழில்முறை ஆட்டக்காரருக்கு ஓய்வூதியம் கிடையாது. கண்பார்வை மங்கி, முழங்கால் தேய்ந்தபின் சாராயக்கடை நடத்தலாம், அல்லது விளையாட்டுச் சாமான் கடை வைக்கலாம். 1877 மார்ச்சில் மெல்போர்னில் டெஸ்ட் வரலாற்றின் முதல் பந்தை வீசிய ஆல்ஃபிரெட் ஷாவும், அக்காலத்தின் தலைசிறந்த தொழில்முறை மட்டைவீச்சாளராக மதிக்கப்பட்ட ஆர்தர் ஷ்ரூஸ்பரியும் 1880இல் நாட்டிங்காமில் அத்தகைய கடையைத் தொடங்கினார்கள். மறு ஆண்டே, 1881இல், தங்கள் கவுண்டி நிர்வாகத்தை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த ஏழு ஆட்டக்காரர்களை முன்னின்று நடத்தியவர்களும் இவர்களே. கல்லாவில் நாலு காசு இருப்பவனால்தான் முதலாளியிடம் முகம் பார்த்துப் பேச முடியும் என்று நாம் இதைப் படிக்கிறோம்.

இந்த வாசிப்பு மிகையென்று கருதுவோர் 1896ஐப் பார்க்கட்டும். ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஓவல் டெஸ்டுக்கு முன்பு ஐந்து தொழில்முறையாளர்கள், ஆட்டத்துக்குத் தரப்படும் 10 பவுண்டை 20ஆக உயர்த்த வேண்டும் என்று கேட்டார்கள். பாபி ஏபல், டாம் ஹேவர்ட், டாம் ரிச்சர்ட்சன், ஜார்ஜ் லோமன், வில்லியம் கன் ஆகியோரே அந்த ஐவர். கிரேஸின் 'செலவு'களைப் பற்றி அந்த வாரம் ஊரே பேசியது. அவருக்கு ஆட்டத்துக்கு 10 பவுண்டுக்கு மேல் தருவதில்லை என்று சரே மன்றம் அறிக்கை விட வேண்டியதாயிற்று. முடிவில் ஏபல், ஹேவர்ட், ரிச்சர்ட்சன் மூவரும் கோரிக்கையைக் கைவிட்டு ஆடினார்கள். லோமனும் கன்னும் ஆடவில்லை. இந்த வில்லியம் கன் யார்? 1885இல் டி. ஜே. மூரோடு சேர்ந்து நாட்டிங்காமில் 'கன் அண்ட் மூர்' மட்டைக் கம்பெனியைத் தொடங்கியவர். இன்றும் 'ஜி.எம்.' முத்திரையோடு நம் பிள்ளைகள் வாங்கும் மட்டை அவருடைய மரபில் வருவது. நாட்டுக்காக ஆடு, காசைப் பற்றிப் பேசாதே என்ற அதட்டலுக்கு அவர் பணியாமல் நின்றதில் அந்தக் கடைக்குப் பங்கில்லை என்று நாம் நம்பத் தயாராயில்லை. வணிகம் ஆட்டத்தைக் கெடுத்தது என்கிறவர்கள், ஒரு மட்டைக்கடை ஒரு தொழிலாளிக்கு முதுகெலும்பாக நின்றிருக்கக்கூடிய இந்தக் கதையை எந்தப் பக்கத்தில் எழுதுவார்கள்?

அதே காலத்தில் தங்கள் உடையைத் தாங்களே தேர்ந்துகொள்ளும் நிலையில் இல்லாதவர்களும் ஆடினார்கள். 1868இல் ஆஸ்திரேலியப் பழங்குடி ஆட்டக்காரர்கள், சார்லஸ் லாரன்ஸ் என்னும் ஆங்கிலேயரின் தலைமையில் இங்கிலாந்து சென்று 47 ஆட்டங்கள் ஆடினார்கள். 14 வெற்றி, 14 தோல்வி, 19 சமன். பார்வையாளர்கள் அடையாளம் காண்பதற்காக ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நிறம் ஒதுக்கப்பட்டிருந்தது. சொந்தப் பெயருக்குப் பதிலாகப் பட்டப்பெயர்களே அட்டையில் அச்சாயின. ஆட்டம் முடிந்தபின் பூமராங் வீசியும் ஈட்டி எறிந்தும் காட்ட வேண்டும். அவர்களில் 'கிங் கோல்' என்று அழைக்கப்பட்டவர் அந்த ஜூன் மாதமே லண்டனில் இறந்துபோனார். கனவானின் மன்ற நிறம் அவன் யாரென்று சொல்வதற்கு. இவர்களுடைய நிறமோ கடைச்சரக்கின் மேல் ஒட்டும் சீட்டு.

இங்கிருந்து பேரரசின் இன்னொரு கரைக்கு, பம்பாய்க்கு வரலாம். அங்கே பார்சிகள் 1848இல் 'ஓரியன்டல் கிரிக்கெட் கிளப்' தொடங்கினார்கள். அதன் ஆரம்ப நாட்களைப் பற்றி ஷாபூர்ஜி சொராப்ஜி 1897இல் வெளியிட்ட நூல் சொல்லும் செய்தி சுவையானது: உயரத் தொப்பியை விக்கெட்டாக நிறுத்தி, குடையை மட்டையாகப் பிடித்து, கந்தல் திணித்துத் தைத்த கோணல் பந்தால் அந்தப் பிள்ளைகள் ஆடினார்களாம். 1893இல் நடப்பதாகச் சொல்லப்பட்ட 'லகான்' (2001) படத்தில் கிராமத்தார் தாங்களே மட்டை செதுக்குவதைப் பார்த்துக் கைதட்டினோம். தென்னை மட்டையைச் சீவி ஆடிய நம் தெருக்களுக்கு அது ஒன்றும் கற்பனையில்லை. கடையில் வாங்க முடியாதவனும் ஆடினான். அவனுடைய கணக்கு எந்த ஆண்டுநூலிலும் ஏறவில்லை.

அதே மாகாணத்தில், புனேயில், பல்வாங்கர் பாலு வளர்ந்தார். தோல்பதனிடும் சாதி என்று ஒதுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர். அவரும் தம்பியும் ராணுவ அதிகாரிகள் கழித்துப்போட்ட பழைய சாமான்களை வைத்துக்கொண்டுதான் ஆடப் பழகினார்கள். 1890களில் ஐரோப்பியர்களின் புனே மன்றத்தில் மாதம் நான்கு ரூபாய்க்கு ஆடுகளம் பராமரிக்கும் வேலை. வலைப்பயிற்சியில் வெள்ளை அதிகாரிகளுக்கு மணிக்கணக்கில் பந்து வீசினார். ஒருமுறைகூட அவர் கையில் மட்டை தரப்படவில்லை. ராமச்சந்திர குகா தமது கிரிக்கெட் வரலாற்றில் (2002) இதை விரிவாக எழுதியிருக்கிறார். பின்பு இந்து அணியினர் அவர் பந்துவீச்சை நாடிச் சேர்த்துக்கொண்டபோது, அவர் வீசிய தோல்பந்தைத் தயக்கமின்றித் தொட்டார்கள். தேநீரை மட்டும் கூடாரத்துக்கு வெளியே தனி மண்குவளையில் கொடுத்தார்கள். பந்தின் தோலுக்குத் தீட்டில்லை. தோலைத் தொட்டு வாழ்ந்தவனுக்குத் தீட்டு. விக்டோரியா காலத்து அறமும் நமது அறமும் கைகுலுக்கிக்கொண்ட அழகு இது.

சென்னையின் கதையும் இதற்குத் தூரமில்லை. 1846இல் தொடங்கிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் ஐரோப்பியர்களுக்கானது. அந்த அவமதிப்பைப் பொறுக்காத புச்சிபாபு நாயுடு 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை நிறுவினார். அவர் செல்வந்தர், அதனால் முடிந்தது. தன்மானத்துக்கும் முதல் தேவைப்படுகிறது என்பதை 1896இன் வில்லியம் கன்னோடு சேர்த்து வைத்து நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

அப்படியானால் ஏலமும் சூதாட்டமும் சரிதானா என்று கேட்பீர்கள். இல்லை. 2013இன் சூதாட்ட விவகாரத்தையும், அதன் தொடர்ச்சியாக 2015இல் லோதா குழு சென்னை, ராஜஸ்தான் அணிகளை இரண்டாண்டுகள் விலக்கிவைத்ததையும் நாம் மறக்கவில்லை. இன்றைய கிரிக்கெட்டின் ஊழலை இன்றைய கணக்கைக் காட்டிக் கண்டியுங்கள். நாமும் உடன் நிற்போம். ஆனால், இல்லாத ஒரு பொற்காலத்தைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள். காசில்லாத தூய்மை என்று ஒன்று இருந்ததாகச் சொன்ன மறுகணம், காசு கேட்கிறவன் அழுக்காகிவிடுகிறான். 1896இல் 20 பவுண்டு கேட்டவர்களுக்குக் கிடைத்த வசை அதுதான். சிற்றிதழ் வாசகர்களுக்கு இந்த வசை புதிதாயிராது. எழுதியதற்குச் சன்மானம் கேட்கும் எழுத்தாளனைப் பார்த்து முகம் சுளிக்கிற மனமும், பதிப்பகத்தின் வரவு செலவைப் பற்றி மட்டும் ஒருபோதும் கேட்காத மனமும் ஒன்றேதான்.

ஆட்டத்தின் அழகை நாம் மறுக்கவில்லை. வில்லோ மரத்தில் பந்து சரியாகப் பட்டால் எழும் அந்த ஓசைக்கு நாமும் அடிமைகளே. அந்த ஓசைக்குள் பிரம்பு வெட்டியவனும், பந்து தைத்தவனும், மட்டை கிடைக்காத பாலுவும் இருக்கிறார்கள் என்றறிந்து கேட்டால் அழகு குறைந்துவிடாது. அடுத்த கோடையில் ஒப்பாரி மறுபடியும் தொடங்கும். எழுதப்போகும் நண்பர்களுக்கு நமது வேண்டுகோள் சிறியது. வெள்ளுடையைப் பற்றித் தாராளமாக எழுதுங்கள். அதைத் துவைத்தவளின் கூலியைப் பற்றியும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.